ஸ்காலர்ஷிப்பில் பங்கு கேட்கும் ஏஜென்ட்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சங்கரன்கோவிலில் இருக்கும் என் அப்பா நாற்பது வருடமாக உங்கள் நாளிதழின் வாசகர். காலையில் பேப்பர் வந்ததும், எனக்குப் பிடிக்கும் என்று அவருக்குத் தோன்றுகிறதையெல்லாம் போனில் படம் பிடித்து அனுப்புவார். போன வாரம் அவர் அனுப்பியது ஒரு விளம்பரம். அமெரிக்கக் கல்லூரிகளில் விளையாட்டு ஸ்காலர்ஷிப் 100 சதவீதம் உத்தரவாதமாம். முன்பணம் குறைவாம். மீதிக் கட்டணம், கிடைக்கிற ஸ்காலர்ஷிப்பில் ஒரு சிறு சதவீதம்தானாம். படத்துக்குக் கீழே அப்பா எழுதியிருந்தார்: "உன் வேலை சம்பந்தப்பட்டதுதானம்மா இது? நம்ம தெருப் பையன் ஒருத்தன் சேரலாமான்னு கேக்கான்."

சேர வேண்டாம், அந்த "சிறு சதவீதம்" என்று இருக்கிற தாளில் கையெழுத்து மட்டும் போட்டுவிட வேண்டாம் என்று உடனே சொல்லச் சொன்னேன். ஆனால் அந்த விளம்பரம் எங்கள் தெருவுக்கு மட்டும் வரவில்லையே. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் ஒஹையோ மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறையில் வேலை பார்க்கிறேன். கோச் இல்லை. 'கம்ப்ளையன்ஸ்' என்பார்கள், விதிமுறைகள் ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்று பார்க்கிற பிரிவு. 2011-ல் மேற்படிப்பு படிக்கும்போதே பகுதிநேரமாகச் சேர்ந்தேன், அப்படியே தங்கிவிட்டேன். ஒரு கோச் எந்த மாணவரிடம் எப்போது பேசலாம், யாருக்கு என்ன செலவு செய்யலாம், வாரத்தில் எத்தனை மணி நேரம் பயிற்சி கொடுக்கலாம், ஒரு மாணவர் களத்தில் இறங்கத் தகுதியானவர்தானா, இதெல்லாம் எங்கள் மேசைக்கு வந்துதான் போகும். இந்த விதிகளைப் போடுவது என்.சி.ஏ.ஏ. என்கிற அமைப்பு. 1906-ல் தொடங்கியது, தலைமையகம் இண்டியானாபொலிஸில். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் அதில் உறுப்பினர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன்.

2023 மே மாதம். காலை ஐந்து மணிக்கு என் போன் அடித்தது. இந்திய நம்பர். ஊரில் யாருக்கோ என்னவோ என்று பதறிப்போய் எடுத்தேன். தமிழ்நாட்டின் மேற்கு மாவட்டம் ஒன்றிலிருந்து ஓர் அம்மா. அவருடைய மகள் அந்த ஆகஸ்டில் எங்கள் பெண்கள் டென்னிஸ் அணிக்கு வர இருந்தாள். கடிதப் போக்குவரத்தில் என் பெயரைப் பார்த்துத் தமிழ் என்று கண்டுபிடித்து, நம்பர் கேட்டு வாங்கி வைத்திருந்தார்.

"மேடம், பாப்பா ஏதோ ஃபாரத்துல உண்மையை எழுதிட்டாளாம். ஏஜென்ட் திட்டுறாருங்க. எழுதுனது தப்புங்களா?"

என்.சி.ஏ.ஏ.வின் தகுதி மையத்தில் பதிவு செய்யும்போது ஒரு கேள்விப் பட்டியல் வரும். பரிசுப் பணம் வாங்கினாயா, எந்த அணியோடாவது ஒப்பந்தம் போட்டாயா, உன்னைக் கல்லூரியில் சேர்த்துவிட யாருக்காவது பணம் கொடுத்தாயா, எந்தக் கணக்கில் கொடுத்தாய், இப்படி. பதினேழு வயதுப் பெண், கேட்டதற்கெல்லாம் உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தாள். ஏஜென்ட் உண்டு, ஒப்பந்தம் உண்டு, ஸ்காலர்ஷிப்பில் 10 சதவீதம் என்று.

ஒப்பந்தத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். நூறு ரூபாய் முத்திரைத்தாள். முழுக்க ஆங்கிலத்தில் டைப் அடித்தது. படத்தின் ஓரத்தில் தாளைப் பிடித்திருந்த அந்த அம்மாவின் கட்டைவிரல், நகத்தில் மருதாணிச் சிவப்பு பாதி வளர்ந்து மேலேறியிருந்தது. கடைசியில் அப்பாவின் கையெழுத்து, தமிழில், ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிதானமாகப் போட்டது. ஏழாவது ஷரத்தில் அந்த வரி. கல்லூரி தருகிற மொத்த உதவித்தொகையில் 10 சதவீதம், ஒவ்வொரு ஆண்டும், நான்கு ஆண்டுகளுக்கு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். படிப்பு, தங்கும் அறை, சாப்பாடு, புத்தகம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 50,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஆண்டுக்கு 20,000 டாலர் ஏஜென்டுக்கு. அன்றைய மதிப்பில் 16 லட்சம் ரூபாய்க்கு மேல். இதில் ஒரு ரூபாய்கூடக் கல்லூரி கையில் கொடுப்பதில்லை, எல்லாம் கட்டணத்தில் கழிந்துவிடும். அப்படியென்றால் அந்த 16 லட்சத்தை அப்பா அம்மா கடன் வாங்கித்தான் கொடுக்க வேண்டும். "இலவசப் படிப்பு" என்று நம்பி வந்த குடும்பம்.

பணம் போனது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. ஒரு மாணவருடைய மதிப்பெண், ஆட்டக் குறிப்பு, வீடியோ இவற்றைக் கல்லூரிகளுக்கு அனுப்பித் தர ஒருவரை வைத்துக்கொள்ள என்.சி.ஏ.ஏ. விதி அனுமதிக்கிறது. அதற்குக் கட்டணமும் வாங்கலாம். ஆனால் அந்தக் கட்டணம், மாணவருக்குக் கல்லூரியில் உதவித்தொகையோடு இடம் கிடைப்பதைப் பொறுத்து இருக்கவே கூடாது. இருந்தால் மாணவரின் தகுதிக்கே ஆபத்து. ஏஜென்டுக்கு ஒன்றும் ஆகாது, என்.சி.ஏ.ஏ. அவரைத் தண்டிக்க முடியாது. தண்டனை பிள்ளைக்குத்தான்.

இதைச் சொன்னபோது அந்த அம்மா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "நிலம் விக்க புரோக்கர் வைச்சாலும் பர்சன்டேஜ்தானுங்க குடுக்கறோம். அதுல என்னங்க தப்பு?" என்றார். நியாயமான கேள்வி. நம் ஊரில் வீடு, நிலம், கல்யாணம் எல்லாவற்றிலும் தரகு உண்டு. எனக்குத் தெரிந்த பதிலைச் சொன்னேன். புரோக்கருக்குப் பர்சன்டேஜ் என்றால் எது அதிக விலையோ அதில்தான் அவர் கண் இருக்கும். பிள்ளைக்கு எந்தப் படிப்பு பொருந்தும், அந்தக் கோச் எப்படிப்பட்டவர், அந்த ஊர்க் குளிர் தாங்குமா என்று அவர் ஏன் பார்க்கப் போகிறார்? ஸ்காலர்ஷிப் தொகை எங்கே பெரிதோ அங்கே தள்ளிவிடுவார். பிள்ளை விற்பனைச் சரக்கு ஆகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த விதி.

எங்கள் கோச்சிடம் பிறகு கேட்டேன். அவளை அவர் கண்டுபிடித்தது ஜூனியர் போட்டி ஒன்றின் வீடியோவில். முதல் ஈமெயிலை அனுப்பியதே அவர்தான், நேரே அவளுக்கு. ஏஜென்ட் செய்தது, அந்த ஈமெயிலுக்கு எப்படிப் பதில் எழுத வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தது. அதற்குத்தான் 16 லட்சம்.

ஒப்பந்தத்தை எழுத்து மூலமாக ரத்து செய்ய வைத்தோம். கொடுத்த முன்பணம் ஒன்றரை லட்சம் திரும்பவே இல்லை. எங்கள் கல்லூரி தகுதியை மீட்டுத் தரச் சொல்லி மனு போட்டது. அவள் தானாகவே உண்மையைச் சொன்னாள் என்பதை நான் அந்த மனுவில் இரண்டு இடத்தில் எழுதினேன். தகுதி கிடைத்தது, ஆனால் உடனே இல்லை. செப்டம்பர், அக்டோபர் போட்டிகளுக்கு அணி பஸ் ஏறும்போது அவள் கோர்ட்டில் பந்துக் கூடையை வைத்துக்கொண்டு தனியாக சர்வீஸ் போட்டுக்கொண்டிருப்பாள். என் ஜன்னலிலிருந்து அந்தக் கோர்ட் தெரியும். கூடை காலியானதும் நடந்து போய் எல்லாப் பந்தையும் பொறுக்கி வந்து மறுபடி தொடங்குவாள். முதல் முதலாக ஊரை விட்டு வந்த பிள்ளை. நான் இந்த வேலையில் எத்தனையோ கோப்புகளைப் பார்த்துவிட்டேன், அதை மட்டும் மறக்க முடியவில்லை.

உண்மையை எழுதாமல் விட்டிருந்தால் தப்பித்திருப்பாளே என்று சிலர் நினைக்கலாம். ஏஜென்டும் அதைத்தான் சொல்லியிருக்கிறார். மறைத்துவிட்டுப் பின்னால் வெளியே வந்திருந்தால் சில போட்டிகளோடு போயிருக்காது. தெரிந்தே பொய் சொன்னால் நான்கு ஆண்டும் சேர்ந்து போகக்கூடும். அவள் ஆடிய ஆட்டங்களை அணியின் வெற்றிக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுவார்கள், கூட ஆடிய மற்றப் பிள்ளைகளின் உழைப்பும் அதோடு போகும்.

சரி, இவ்வளவு ஆபத்து இருந்தும் படித்த பெற்றோர்கூட ஏன் ஏஜென்டிடம் போகிறார்கள்? நான் பார்த்தவரை முக்கியமான காரணம் ஒன்று, இதை உங்கள் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே பிள்ளை நாற்பது கோச்சுகளுக்கு ஈமெயில் அனுப்புகிறது. ஒருவரும் பதில் போடுவதில்லை. போட்டாலும் பயிற்சி முகாம் பற்றிய நோட்டீஸ்தான் வரும். வீட்டில் எல்லோரும் சோர்ந்துபோகிறார்கள். அப்போது ஏஜென்ட் வருகிறார்: "உங்களுக்கு எப்படி சார் பதில் வரும்? எனக்கு அங்கே ஆள் இருக்கு."

கோச் பதில் போடாததற்குக் காரணம் திமிர் இல்லை. டென்னிஸ் உட்படப் பெரும்பாலான விளையாட்டுகளில், மாணவர் பத்தாம் வகுப்பு முடித்த பிறகு வரும் ஜூன் 15 வரை, கோச் அவரைச் சேர்க்கும் விதமாக ஈமெயிலோ போனோ செய்யக் கூடாது. என்.சி.ஏ.ஏ. தன் கல்லூரிகளை மூன்று டிவிஷனாகப் பிரித்திருக்கிறது, அதில் மேல்மட்டமான டிவிஷன் ஒன்று கல்லூரிகளுக்கு அதுதான் விதி. கல்லூரி செலவில் வளாகத்தைப் பார்க்க அழைப்பது அந்த ஆகஸ்ட் 1-க்குப் பிறகுதான். கூடைப்பந்து போன்ற சிலவற்றுக்குத் தேதிகள் வேறு. பதிமூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளைக் கோச்சுகள் துரத்திக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது, அதை நிறுத்தத்தான் இந்தத் தேதிகள். எங்கள் கோச்சுகள் ஜூன் 14 இரவு பன்னிரண்டு அடிக்கக் காத்திருப்பார்கள். பன்னிரண்டு மணி ஒரு நிமிடத்துக்குச் செய்திகள் பறக்கும். அந்த ஜூன் 15-க்குச் சற்று முன்னால் ஒப்பந்தம் போட்டுவிடுகிற ஏஜென்டுக்கு என்ன கஷ்டம்? எப்படியும் வர இருந்த ஈமெயில் வரும். "பார்த்தீர்களா, நான் சொன்னேனே" என்பார்.

அப்புறம் அந்த "100 சதவீதம் உத்தரவாதம்". யாராலும் அப்படி உத்தரவாதம் தர முடியாது. டிவிஷன் மூன்று கல்லூரிகளில் விளையாட்டுக்கு என்று ஸ்காலர்ஷிப்பே கிடையாது. ஹார்வர்ட், கொலம்பியா போன்ற ஐவி லீக் கல்லூரிகளிலும் கிடையாது, குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவி தருவார்கள், அது வேறு கணக்கு. ஆண்கள் டென்னிஸை எடுத்துக்கொண்டால், பல ஆண்டுகளாக ஓர் அணிக்கு மொத்தமே நாலரை ஸ்காலர்ஷிப்தான். அதைத்தான் கோச் எட்டு, ஒன்பது பையன்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். முழுதாகக் கிடைத்த பையன்கள் அபூர்வம். பெண்கள் அணிக்கு எட்டு என்பதால் அவர்கள் நிலைமை மேலாக இருந்தது. விளையாட்டு மாணவர்கள் என்.சி.ஏ.ஏ. மேல் போட்ட ஹவுஸ் வழக்கில், 2025 ஜூன் 6-ம் தேதி நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சமரசத்துக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளில் ஸ்காலர்ஷிப் எண்ணிக்கை வரம்பு போய், அணியில் எத்தனை பேர் இருக்கலாம் என்ற வரம்பு வந்திருக்கிறது. வரம்பு போனது என்பதற்காக எல்லாக் கல்லூரியிடமும் அள்ளிக் கொடுக்கப் பணம் வந்துவிடவில்லை. அணியில் இடம் குறைந்து பிள்ளைகள் வெளியே போனதும் 2025 கோடையில் நடந்தது.

அதே சமரசத்தால் கல்லூரிகள் விளையாட்டு மாணவர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம், 2025-26 கல்வியாண்டில் ஒரு கல்லூரி ஏறக்குறைய 2.05 கோடி டாலர் வரை. 2021 ஜூலையிலிருந்தே தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கவும் அனுமதி இருக்கிறது. இதைக் கேட்டுவிட்டு "இனிமேல் விதியே இல்லை" என்று ஏஜென்டுகள் பரப்புகிறார்கள். நம் பிள்ளைகள் வருவது எஃப்-1 மாணவர் விசாவில். என்.சி.ஏ.ஏ. சரி என்று சொன்னாலும் விசாச் சட்டம் சரி என்று சொல்ல வேண்டும். இங்கே வளாகத்துக்கு வெளியே போய் விளம்பரத்தில் நடித்துப் பணம் வாங்குவது விசாவையே காவு வாங்கலாம். அமெரிக்கப் பையன் செய்கிறானே என்று நம் பையன் செய்துவிட முடியாது. கல்லூரியின் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் ஒரு டாலர்கூட வாங்கக் கூடாது.

ஆவணங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைசி நேரத்தில் அதிகம் கண்ணீர் வருவது அதில்தான். நம் வீடுகளில் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை லேமினேட் செய்து பீரோவில் வைத்திருப்போம். பிளஸ் டூ இருக்கும். ஒன்பதாம் வகுப்பு ரேங்க் கார்டு எங்கே என்று கேட்டால் யாரிடமும் இருக்காது. தகுதி மையம் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை நான்கு ஆண்டுக்கும் கேட்கும். ஒன்பதாம் வகுப்பு மார்க்கைத் தலைமை ஆசிரியர் கையெழுத்தும் முத்திரையுமாக இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள். பள்ளி மாறிய பிள்ளைகள் முதலில் இதைச் செய்யுங்கள். டிவிஷன் ஒன்றுக்கு மொத்தம் 16 பாடங்கள்: ஆங்கிலம் நான்கு ஆண்டு, கணக்கு மூன்று, அறிவியல் இரண்டு, சமூக அறிவியல் இரண்டு, மீதி வேறு பாடங்கள். பயிற்சிக்கு நேரம் வேண்டும் என்று பிளஸ் ஒன்றில் கணக்கே இல்லாத குரூப்பாகப் பார்த்து எடுக்கிற பழக்கம் நம் விளையாட்டுப் பிள்ளைகளிடம் உண்டு. எடுப்பதற்கு முன் இந்த எண்ணிக்கையை விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். எஸ்.ஏ.டி. என்கிற நுழைவுத் தேர்வு மார்க் தேவை என்பதை என்.சி.ஏ.ஏ. 2023 ஜனவரியில் எடுத்துவிட்டது. கல்லூரி தனியாகக் கேட்டால்தான் உண்டு.

பிளஸ் டூ முடித்துவிட்டு "ஒன்றிரண்டு வருடம் போட்டி ஆடி ரேங்க்கை ஏற்றிக்கொண்டு போகலாம்" என்பதும் ஒரு பொறி. எங்களுக்கு விண்ணப்பித்த ஒரு பையன் அப்படி ஒன்றரை வருடம் ஆடினான். யாரோ கொடுத்த யோசனை. டென்னிஸில் பள்ளி முடித்த பிறகு ஆறு மாதம்தான் சலுகைக் காலம், பெரும்பாலான மற்ற விளையாட்டுகளில் ஓராண்டு. அதைத் தாண்டிப் போட்டி ஆடினால் கல்லூரியில் ஆடக் கிடைக்கும் பருவங்களில் ஒன்று குறையும், முதல் ஆண்டு ஆடாமல் இருக்கவும் நேரும். ரேங்க்கை ஏற்றப் போய் ஆட்டத்தையே இழந்தான் அவன். முன்னாலேயே ஒரு ஈமெயில் போட்டிருந்தால் இரண்டு வரியில் பதில் சொல்லியிருப்போம்.

மிகைப்படுத்திய சான்றிதழ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2019 மார்ச்சில் ரிக் சிங்கர் என்கிற கல்லூரி ஆலோசகர் இங்கே பிடிபட்டார். பணக்கார வீட்டுப் பிள்ளைகளை விளையாட்டு வீரர்கள் என்று பொய்க் குறிப்பு தயாரித்து, கோச்சுகளுக்கு லஞ்சம் கொடுத்துப் பெரிய பல்கலைக்கழகங்களில் நுழைத்தவர். அவருக்கு மூன்றரை ஆண்டுச் சிறை. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் டென்னிஸ் கோச்சாக இருந்தவருக்கு இரண்டரை ஆண்டு. அதற்குப் பிறகு இங்கே யாரும் விளையாட்டுக் குறிப்பைச் சும்மா நம்புவதில்லை. மாவட்டப் போட்டியில் காலிறுதிக்குப் போன பையனை ஏஜென்ட் "மாநில ரன்னர்-அப்" என்று எழுதி அனுப்பியிருந்தார். எங்கள் உதவிக் கோச் அந்த மாநிலப் போட்டியின் முடிவுகளை இணையத்தில் எடுத்துப் பத்தே நிமிடத்தில் பார்த்துவிட்டார். அந்தப் பையனுக்கு அப்படி எழுதியிருப்பதே தெரியாது. காலிறுதி என்று உண்மையாக எழுதியிருந்தால் அவனோடு பேசியிருப்போம், நல்ல உயரம், நல்ல சர்வீஸ்.

இந்த விதிகள் எல்லாமே நியாயமானவை என்று நான் வாதாடவில்லை. நான் சேர்ந்த புதிதில், மாணவர்களுக்குச் சிற்றுண்டியாகப் பேகல் ரொட்டி வைக்கலாம், அதன் மேல் க்ரீம் சீஸ் தடவினால் கூடாது என்று ஒரு விதி இருந்தது. இட்லி கொடுக்கலாம், சட்னி ஊற்றக் கூடாது என்கிற மாதிரி. கனெக்டிகட் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணிக்கு 2014-ல் சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்த ஷபாஸ் நேப்பியர், பசியோடு படுத்த இரவுகள் தனக்கு உண்டு என்று வெளிப்படையாகச் சொன்ன பிறகுதான் வயிறாரச் சாப்பாடு கொடுக்க விதி வந்தது. எனக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம். தவறான விதியை மாற்றப் போராடலாம், போராடியிருக்கிறோம். அதற்காகப் பதினேழு வயதுப் பிள்ளையை அதை மீறவைத்துப் பரிசோதிக்கக் கூடாது.

இங்கே இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் ஒரு சொல். தமிழ்நாட்டுப் பிள்ளை வளாகம் பார்க்க வருகிறது என்று கேள்விப்பட்டதும் எனக்கு போன் வரும், "நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க, சாம்பார் சாதம் போடுறேன்" என்று. மனசு எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அந்த வீட்டுக்காரர் எங்கள் விளையாட்டுத் துறைக்கு நன்கொடை கொடுத்தவராக இருந்தால், விதிப்படி அவர் 'பூஸ்டர்'. சேர்வதற்கு முன் மாணவருக்கு அவர் ஒரு வேளை சாப்பாடு போட்டாலும் அது விதிமீறல், நான் எழுதிக் கொடுக்க வேண்டும். சேர்ந்த பிறகு எப்போதாவது ஒரு நாள் வீட்டில் சாப்பிட அழைக்கலாம், முன்கூட்டி எங்களிடம் சொல்லிவிட்டு. முத்திரைத்தாள் பெண்ணுக்குப் பொங்கல் அன்று அப்படி ஒரு வீட்டில் இலை போட்டார்கள். அனுமதிப் படிவத்தில் நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

பயமுறுத்துவதற்காக இதையெல்லாம் எழுதவில்லை. வாருங்கள் என்றுதான் சொல்கிறேன். சென்னையில் ஆடி வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக 2007, 2008 இரண்டு ஆண்டும் கல்லூரி ஒற்றையர் பட்டம் வென்றார். கான்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படித்த தேஜஸ்வின் சங்கர் உயரம் தாண்டுதலில் 2018-லும் 2022-லும் கல்லூரிச் சாம்பியன். படிப்பும் விளையாட்டும் இரண்டும் வேண்டும் என்கிற பிள்ளைக்கு இதைப்போல வாய்ப்பு உலகத்தில் வேறு எங்கும் எனக்குத் தெரியாது. நிர்ணயித்த கட்டணம் வாங்கிக்கொண்டு நேர்மையாக உதவுகிற ஆலோசகர்களும் நம் ஊரில் இருக்கிறார்கள். அவர்களிடம் போங்கள், தப்பில்லை. கட்டணம் ஸ்காலர்ஷிப்போடு முடிச்சுப் போடப்பட்டிருக்கிறதா என்று மட்டும் தாளை வரி வரியாகப் படியுங்கள். ஆங்கிலம் புரியவில்லை என்றால் புரிந்த ஒருவரைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். இன்னும் சந்தேகம் இருந்தால், ஒவ்வொரு கல்லூரியின் விளையாட்டுத் துறை இணையதளத்திலும் 'கம்ப்ளையன்ஸ்' என்று ஒரு பக்கம் இருக்கும், அதில் எங்களைப் போன்றவர்களின் ஈமெயில் இருக்கும். எழுதிக் கேளுங்கள். காசு கிடையாது. கேட்டதற்காக எந்தப் பிள்ளைக்கும் தகுதி போனதில்லை.

கடைசியாக ஆசிரியர் அவர்களிடம் இரண்டு கோரிக்கை. சதவீதக் கட்டணம் கேட்கும் இப்படிப்பட்ட விளம்பரங்களை வெளியிடுவதற்கு முன் தயவுசெய்து ஒரு முறை யோசியுங்கள். அப்பா மாதிரி ஆட்கள், பேப்பரில் வந்திருக்கிறது என்றாலே சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிறவர்கள்.

இன்னொன்று, உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் மாதம் ஒரு முறை சின்னதாக இடம் கொடுத்தால் வாசகர்களின் பொதுவான கேள்விகளுக்கு நான் பதில் எழுதித் தருகிறேன், பணம் வேண்டாம். தனித்தனியாக ஒரு மாணவருக்கு மட்டும் என்னால் வழிகாட்ட முடியாது, நான் ஒரு கல்லூரியின் ஊழியர். என் கல்லூரிக்கு ஆள் பிடிப்பதாக ஆகிவிடும். அதே காரணத்தால்தான் என் பெயரையும் கல்லூரிப் பெயரையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதம் எழுதலாமா என்று எங்கள் இயக்குநரிடமும் முன்கூட்டிக் கேட்டேன். கல்லூரிப் பெயர் வராமல் எழுது என்றார்.

அப்பா தினமும் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருப்பார். நீங்கள் சரி என்றால் இதே பக்கத்தில் ஒரு வரி போடுங்கள், எனக்குப் படம் வந்துவிடும்.

இப்படிக்கு,
சங்கரன்கோவிலில் பிறந்த ஒரு வாசகி,
ஒஹையோ, அமெரிக்கா.
ஆகஸ்ட் 2025